‘ரத்தம் கம்மி’ என்றால் எந்த அணு, ஏன்? ரிப்போர்ட்டைப் படிப்பதிலிருந்து மருந்தை முடிப்பது வரை

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண் "மேலுக்கு முடியல, நாலு படி ஏறினா எளைக்கு, தலை கிறுகிறுன்னு வருது" என்று சொன்னால், சோதனைக்கு முன்பே பதில் வந்துவிடும்: "ஒனக்கு ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடு." மருந்துக்கடையில் ஒரு டானிக் பாட்டில், தெரிந்த இடத்தில் ஒரு சத்தூசி, ஆறு மாதம் ஓடிவிடும். சிலருக்குத் தேறும், பலருக்குத் தேறாது. ‘ரத்தம் கம்மி’ என்ற பேச்சுக்குள் பல நோய்கள் அடங்கியிருப்பதுதான் காரணம். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்குப் பயன்படாது. சில சமயம் கெடுதலே செய்யும்.

இங்கே சொல்லியிருக்கும் மருந்தளவுகள் டாக்டர் எழுதிக்கொடுத்ததைப் புரிந்துகொண்டு சரியாகச் சாப்பிடுவதற்கானவை. சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிடுவதற்கு அல்ல.

உடம்பில் என்ன பார்க்க வேண்டும்

வெளிச்சமான இடத்தில், முடிந்தால் வாசல் திண்ணையில் உட்காரவைத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சம் ஏமாற்றும். கீழ் இமையை விரலால் இறக்கினால் உள்பக்கத்தின் முன்விளிம்பு நல்ல சிவப்பாகத் தெரிய வேண்டும். அந்த விளிம்பும் உள்ளே இருக்கும் பகுதியும் ஒரே வெளிர் நிறமாக இருந்தால் சந்தேகப்படலாம். அடுத்து நாக்கு, பிறகு உள்ளங்கை ரேகை. மருதாணி வைத்த கையிலும் சாயம் பூசிய நகத்திலும் ஒன்றும் தெரியாது. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போன பிறகுதான் பலருக்கு வெளுப்பே கண்ணுக்குத் தெரியும். ஆகவே வெளுப்பு தெரியவில்லை என்றால் சோகை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கேட்டால் ஒழிய யாரும் சொல்லாத அடையாளம் ஒன்று உண்டு. பச்சரிசியை வாயில் போட்டுக்கொண்டே இருப்பது, திருநீறு, சாம்பல், சிலேட்டுக் குச்சி, செங்கல் தூள், செம்மண் தின்ன ஆசைப்படுவது. வெட்கப்பட்டு மறைப்பார்கள். வீட்டில் அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவார்கள். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். இரும்பு ஏறத் தொடங்கியதும் அந்த ஆசை தானாக விட்டுப்போகும். ராத்திரி படுத்தால் கால் உளைச்சல் தாங்காமல் ஆட்டிக்கொண்டே இருப்பது, கடைவாய்ப் புண், குழிந்து கரண்டி போலான நகம் ஆகியவையும் இதே பக்கம் கைகாட்டும்.

விரல் முட்டிகள் புதிதாகக் கறுத்து, நாக்கு வழவழப்பாகி, பாதத்தில் மதமதப்பு இருந்தால் பி12 குறைவை நினைக்க வேண்டும். தோலில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். கொசுக்கடியும் அரிப்புத் தடிப்பும் அழுத்தினால் மறையும். மறையாமல் அப்படியே தெரிந்தால் அது தோலுக்குள் கசிந்த ரத்தம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருக்கலாம். கண் மஞ்சளாகவும் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்திலும் போனால் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரத்தம் எடுக்கும்போதே வரும் தவறுகள்

கேட்டு எடுக்க வேண்டியது சி.பி.சி. என்னும் முழு ரத்த அணு எண்ணிக்கை. அதோடு பெரிஃபரல் ஸ்மியர், அதாவது கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை. வெறும் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் அளவுதான் தெரியும், காரணம் தெரியாது. சி.பி.சி.க்கு வெறும் வயிறு தேவையில்லை.

டிரிப் ஏறிக்கொண்டிருக்கும் கையில், அதிலும் ஊசிக்கு மேல்பக்கத்தில் ரத்தம் எடுத்தால் குளுக்கோஸ் தண்ணீர் கலந்து எல்லா அணுக்களும் குறைவாகக் காட்டும். நேற்று 11 இருந்த ஹீமோகுளோபின் இன்று 7 என்று வந்தால் பதறும் முன் எந்தக் கையில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். விரலைப் பிதுக்கி எடுத்தாலும் திசுநீர் கலந்து அளவு பிசகும். ஊதா மூடிக் குப்பியில் ரத்தம் எடுத்தவுடன் ஏழெட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் சிறு கட்டி கட்டி, தட்டணு பொய்யாகக் குறையும். சிலர் ரத்தத்தில் அந்தக் குப்பியில் உள்ள மருந்தே தட்டணுக்களை ஒட்டவைத்துவிடும். மெஷின் 40,000 என்று காட்டும், ஆளுக்கு ஒரு கீறல் ரத்தக் கசிவும் இருக்காது. ஸ்மியரில் கொத்துக் கொத்தாகத் தட்டணு தெரிந்தால் சிட்ரேட் குப்பியில் மறுபடி எடுத்து எண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று அச்சுக் குழப்பம். ஒரு லேப் தட்டணுவை 1,20,000 என்று அச்சடிக்கும், இன்னொன்று 1.2 லட்சம் என்னும், மற்றொன்று 120 என்று மட்டும் போட்டு பக்கத்தில் ஆயிரத்தால் பெருக்கும் குறியைப் பொடி எழுத்தில் வைத்திருக்கும். மூன்றும் ஒன்றுதான். வெள்ளையணு 8.5 என்று இருந்தால் 8,500.

ரிப்போர்ட்டில் எந்த எண்ணை எப்போது பார்ப்பது

ஹீமோகுளோபின்: ஆண்களுக்கு 13-க்குக் கீழ், பெண்களுக்கு 12-க்குக் கீழ், கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழ் இருந்தால் சோகை. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழ் போனால் கடுமையானது, மற்றப் பெரியவர்களுக்கு 8-க்குக் கீழ்.

அடுத்த எண்தான் முக்கியம்: எம்.சி.வி. ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. 80 முதல் 100 வரை சரி. 80-க்குக் கீழே அணு சிறுத்திருக்கிறது: இரும்புக் குறைவு அல்லது தலசீமியாக் கூறு (தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் கோளாற்றை மரபில் சுமப்பது). 100-க்கு மேலே பெருத்திருக்கிறது: பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு, குடிப்பழக்கம், ஈரல் கோளாறு, தைராய்டு குறைவு, சில மருந்துகள். நடுவில் இருந்துகொண்டு சோகையும் இருந்தால் சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட அழற்சி, அண்மையில் போன ரத்தம் என்று தேட வேண்டும். இரும்பும் பி12-ம் சேர்ந்து குறைந்தாலும் சிறுத்ததும் பெருத்ததும் கலந்து சராசரி நடுவில் நின்றுவிடும். அப்போது அணுக்களின் அளவு வித்தியாசத்தைச் சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. 14.5-ஐத் தாண்டி எகிறியிருப்பது காட்டிக்கொடுக்கும்.

அணு சிறுத்திருக்கும்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எம்.சி.வி.யை சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எண்ணிக்கை 3.9, எம்.சி.வி. 66 என்றால் விடை கிட்டத்தட்ட 17. பதின்மூன்றுக்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கம். எண்ணிக்கை 5.6, எம்.சி.வி. 63 என்றால் விடை 11. பதின்மூன்றுக்குக் கீழ் வந்தால் தலசீமியாக் கூறின் பக்கம். இது ஒரு குறிப்புதான், முடிவு அல்ல. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களிடம் இந்தக் கணக்கு தவறும். உறுதிப்படுத்த இரும்புக்கு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தலசீமியாவுக்கு எச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் ஏ2.

ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் உடம்பின் இருப்பு காலி, பேச்சுக்கு இடமில்லை. 30-க்குக் கீழே இருந்தாலே பெரும்பாலான டாக்டர்கள் குறைவு என்றுதான் எடுப்பார்கள். ஆனால் காய்ச்சல், தொற்று, மூட்டுவாதம் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். காய்ச்சல் அடங்கிய பிறகு பாருங்கள்.

தலசீமியாக் கூறு இருப்பவர் நோயாளி அல்லர். ஹீமோகுளோபின் 10, 11 என்று ஆயுசுக்கும் அப்படியே இருக்கும். ஃபெரிட்டின் குறையாதவரை அவருக்கு இரும்பு மாத்திரை கொடுத்துப் பயனில்லை. ஆனால் கணவன், மனைவி இருவருக்குமே அந்தக் கூறு இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும் குடும்பங்களில் ஒரே கூறு இரு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுதல். ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டிய பெண்ணின் கணவருக்கும் உடனே, கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே, அதே சோதனையைச் செய்ய வேண்டும். இரும்பு மிகவும் குறைந்திருக்கும்போது ஏ2 அளவும் தாழ்ந்து கூறு மறைந்துவிடக்கூடும் என்பதால், சந்தேகம் இருந்தால் இரும்பை ஏற்றிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்பிணி விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது, கணவருக்குச் சோதனை செய்துவிட வேண்டும்.

ஸ்மியரை நன்றாகப் படிக்கும் நோய்க்குறியியல் டாக்டர் ஊரில் கிடைத்தால் அது பெரிய வரம். நல்ல சிவப்பணுவின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெளிறியிருக்கும், சுற்றிலும் சிவப்பு வளையம். இரும்பு குறைந்த அணுவில் அந்த வெளிறல் விரிந்து, வளையம் நூல் போல மெலிந்திருக்கும். நடுநடுவே பென்சில் போல நீண்ட அணுக்கள் கிடக்கும். பி12 குறைந்தவருக்கு வெள்ளையணுவின் கருவில் வழக்கமான மூன்று நான்கு மடல்களுக்குப் பதில் ஐந்து, ஆறு மடல்கள் தெரியும். மெஷின் சொல்லாத இந்தச் செய்திகளுக்காகத்தான் ஸ்மியரைக் கேட்கச் சொல்வது.

இரும்புக் குறைவு: முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள்

மாத்திரைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? அப்படியானால் வயிற்று ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பைக் கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். மூலத்தில் ரத்தம் போகிறதா? மூட்டுவலிக்குத் தினம் வலி மாத்திரை உண்டா? அது இரைப்பையைப் புண்ணாக்கிச் சத்தமில்லாமல் ரத்தத்தைக் கசியவிடும்.

தாமிரபரணிப் பாசன வயல்களிலும் வாழைத் தோட்டங்களிலும் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழுவையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மலம் கலந்த ஈர மண்ணில் இருக்கும் குஞ்சுப்புழு கால்தோல் வழியாக ஏறி, கடைசியில் குடலில் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். நடவு முடிந்து கால்விரல் இடுக்கில் அரிப்பு வந்து போனதைச் ‘சேத்துப்புண்’ என்று விட்டுவிடுவார்கள். அது புழு நுழைந்த இடமாகவும் இருக்கலாம். மலப் பரிசோதனையில் முட்டை தெரியும். அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு மாத்திரை. கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் தவிர்த்துப் பிறகு டாக்டர் சொன்னபடி சாப்பிடலாம். வருடத்துக்கு இருமுறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் புழு மாத்திரையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் அதற்குச் ‘சாப்பாடு சரியில்லை’ என்ற பதில் போதாது. மாதா மாதம் ரத்தம் போகாத உடம்பில் இரும்பு தீர்ந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்கோ கசிகிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். புண்ணாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். 55 வயது அண்ணாச்சிக்கு ஹீமோகுளோபின் 8, எம்.சி.வி. 68 என்றால், டானிக் வாங்குவதோடு நிறுத்தாமல் எண்டோஸ்கோப்பிக்கும் கொலனோஸ்கோப்பிக்கும் நாள் குறிக்க வேண்டும். மாத்திரையில் எண் ஏறிவிட்டதே என்று அதை ஒத்திப்போடுவதுதான் இந்த நோயில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

சாப்பாட்டால் மட்டும் ஏன் முடியாது

முருங்கைக்கீரை, உளுந்தஞ்சோறு, கருப்பட்டி எல்லாம் நல்ல சாப்பாடு. ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8. இலக்காக வைக்கும் 15-லிருந்து 8 கழித்தால் 7. அதை எடையான 50-ஆலும், இந்தக் கணக்கில் மாறாத எண்ணான 2.4-ஆலும் பெருக்கினால் 840. காலியான இருப்புக்கு 500 சேர்த்தால் 1,340 மி.கி. இரும்பு தேவை. நல்ல சாப்பாட்டிலிருந்து ஒரு நாளில் உடம்புக்குள் போவது ஒன்றிரண்டு மில்லிகிராம், அதுவும் அன்றாட இழப்புக்கே சரியாகப் போய்விடும். 60 மி.கி. மாத்திரையிலிருந்து, குறைவுள்ள உடம்பு 6 முதல் 12 மி.கி. வரை எடுக்கும். 10 என்று வைத்தாலும் 134 நாள். மாத்திரை நான்கைந்து மாதம் ஏன் தேவை என்பதற்குக் காரணம் இதுதான்.

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நம்பிக்கை மட்டுமே. அவற்றில் இரும்பு கொஞ்சம்தான். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், சுவரொட்டி, ஆட்டு ரத்தப் பொரியல் உண்மையிலேயே கைகொடுக்கும். அதிலுள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிடப் பல மடங்கு எளிதாக உடம்பில் சேரும். கர்ப்பிணிகள் ஈரலை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். சைவக்காரர்கள் கீரை, பயறோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையைச் சாப்பிடும் முறை

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராமச் செவிலியரிடமும் கிடைக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. கடையில் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பட்டையும் செய்வது இதே வேலைதான். சோகை இல்லாத கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். சோகை உள்ள கர்ப்பிணிக்கு அரசு வழிமுறைப்படி தினம் இரண்டு. மற்றப் பெரியவர்களுக்குத் தினம் ஒன்று போதும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டாலும் நன்றாகவே சேரும். ஒரு மாத்திரை போனதும் குடல் ஒரு நாளைக்குக் கதவைப் பாதி சாத்திக்கொள்கிறது என்பதால், மூன்று வேளை விழுங்குவதில் குமட்டல்தான் மிஞ்சும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரை வராமல் தடுப்பதற்கு. ஏற்கெனவே ஹீமோகுளோபின் 9 உள்ள பிள்ளைக்கு அது போதாது, தினசரி மருத்துவம் தேவை. சின்னக் குழந்தைகளுக்கு எடைக்குத் தக்கபடி, கிலோவுக்கு 3 மி.கி. இரும்பு வீதம் சொட்டு மருந்து.

எப்போது சாப்பிடுவது என்பதில்தான் பாதி மருத்துவம் கெடுகிறது. டீ, காப்பி, பால், கால்சியம் மாத்திரை, அமிலத்துக்கான மருந்து எல்லாமே இரும்பைத் தடுக்கும். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பீடித் தட்டும் டீயும்தான் துணை. டீக்கு நடுவே மாத்திரையைப் போட்டால் வீண். அவர்களுக்கு ஒத்துவரும் நேரம் ராத்திரி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப்போகும் முன் எலுமிச்சைத் தண்ணீரோடு. கர்ப்பிணிகள் கால்சியத்தைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம், பயம் வேண்டாம். ஆனால் தார் போலப் பிசுபிசுவென்று, துர்நாற்றத்தோடு போனால் அது குடலில் கசிந்த ரத்தம். மாத்திரைப் பட்டையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துப் பத்துப் பதினைந்தைத் தின்றால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 ஏற வேண்டும். ஏறினால் சரியான வழியில் போகிறீர்கள். எண் 12-ஐத் தொட்டதும் நிறுத்தாதீர்கள், இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும். ஏறாவிட்டால் வரிசையாகக் கேளுங்கள்: உண்மையிலேயே சாப்பிட்டாரா, டீயோடு சாப்பிட்டாரா, ரத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா, புழு உண்டா, கூடவே பி12 குறைவா, தலசீமியாக் கூறா, சிறுநீரகக் கோளாறா?

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், ஏழாம் மாதத்துக்கு மேல் சோகை அதிகமாக உள்ள கர்ப்பிணிகளுக்கும் ரத்தக் குழாய் வழியாக இரும்பு ஏற்றுவார்கள். அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவை 200 மி.கி., 100 மி.லி. சலைனில் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். மேலே போட்ட கணக்குக்கு ஏழு தடவை. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் ஒரே அமர்வில் 1,000 மி.கி. வரை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கூடாது. ஏற்றிய பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஏறும்போது கையில் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் பழுப்புக் கறை வருஷக்கணக்கில் போகாது.

ரத்தம் ஏற்றுவது கடைசி வழி. ஒரு யூனிட் ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 ஏறும், அவ்வளவுதான். 7-க்குக் கீழே இருந்து மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ரத்தப்போக்கு, அல்லது பிரசவம் நெருங்கிய நேரம் என்றால் தேவை. மனைவிக்குக் கணவர் ரத்தத்தை நேரடியாக ஏற்ற வேண்டாம், பின்னால் வரும் கர்ப்பத்தில் குழந்தையைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகலாம். கணவர் ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், வங்கி வேறு யூனிட்டைத் தரட்டும்.

பி12

சுத்த சைவக்காரர்கள், வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரைக்காரர்கள், தினம் வாயு மாத்திரை போடுபவர்கள், இரைப்பை அறுவை செய்தவர்கள் ஆகியோருக்கு இது வரும். பாத மதமதப்பைச் சர்க்கரையின் மேல் பழிபோட்டு விட்டுவிடுகிறார்கள். இருட்டில் நடக்கத் தடுமாறுகிறாரா, முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடினால் சாய்கிறாரா என்று கேளுங்கள்.

ரத்தத்தில் பி12 200-க்குக் கீழே என்றால் குறைவு. 1,000 மைக்ரோகிராம் ஊசி ஒரு வாரம் தினமும், பிறகு நான்கு வாரம் வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்பது நடைமுறையில் உள்ள ஒரு வரிசை. எம்.சி.வி. பெருத்திருக்கிறது என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறும், நரம்பு அழிந்துகொண்டே போகும். பி12 பார்க்காமல் அதைத் தனியாகத் தொடங்கக் கூடாது. ரத்தம் இரண்டு மாதத்தில் சரியாகும், நரம்பு தேற ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். நாள்பட்டுவிட்டால் முழுவதும் திரும்பாது.

தட்டணு குறைந்தால்

1.5 லட்சத்துக்கு மேல் சரி. மழைக்காலத்தில் காய்ச்சலோடு குறைந்தால் எல்லோருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும். முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். சோதனை.

இதில் ஜனங்கள் பார்க்கும் எண் ஒன்று, டாக்டர் கவனிக்கும் எண் வேறு. டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது. அதைக் காட்டுவது பி.சி.வி. என்றும் ஹீமட்டோகிரிட் என்றும் அச்சிடப்படும் எண், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது. 36 இருந்தது 43-ஐத் தாண்டினால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு ஏறினால், கசிவு பலமாக இருக்கிறது. இது காய்ச்சல் விடும் நேரத்தில், மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் நடக்கும். "காய்ச்சல் விட்டுட்டு, இனி பயமில்ல" என்று வீட்டுக்குக் கூட்டிப்போகும் அதே நாள்தான் ஆபத்தான நாள். ஓயாத வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, பிள்ளை சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் முரண்டு பிடிப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தட்டணு 90,000 இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃப்தால், ஆஸ்பிரின் கூடவே கூடாது. இடுப்பில் ஊசியும் வேண்டாம், தட்டணு குறைந்த உடம்பில் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். உப்புச்சர்க்கரைக் கரைசல், இளநீர், கஞ்சி, மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போனால் ஒழிய பொதுவாகத் தட்டணு ஏற்றத் தேவையில்லை. பப்பாளி இலைச்சாறு குடித்த மூன்றாம் நாள் ஏறுவது போலத்தான், குடிக்காதவருக்கும் ஏறும். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அந்தக் கசப்பைப் புகட்டி நீர்ச்சத்தை மேலும் இழக்கவைக்காதீர்கள்.

டெங்கு சோதனையில் இல்லை என்று வந்தும் காய்ச்சலும் தட்டணுக் குறைவும் ஐந்து நாளைத் தாண்டினால், உடம்பு முழுவதையும் அவிழ்த்துப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்புக் கயிறு படும் இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருந்தால் அது ஸ்கிரப் டைஃபஸ். புதர்ப் பூச்சி கடித்த இடம் வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இருவேளை தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். வயல் தண்ணீரில் நின்றவருக்கு எலிக்காய்ச்சலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலே இல்லாமல், நன்றாக விளையாடும் குழந்தைக்குத் திடீரென்று தோலெங்கும் புள்ளியும் கன்றலும் வந்து, மற்ற அணுக்கள் எல்லாம் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் ஐ.டி.பி. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தட்டணுவை அழிப்பது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகச் சரியாகும். ரத்தக்கசிவு இல்லாவிட்டால் கண்காணிப்பே மருத்துவமாக இருக்கலாம். பெரியவர்களுக்கு 30,000-க்குக் கீழே போனால் பெரும்பாலும் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். அதைத் தானாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

வெள்ளையணு

4,000 முதல் 11,000 வரை சரி. தொற்றில் ஏறுவது இயல்பு. ஈஸ்னோஃபில் என்னும் வெள்ளையணு வகை 500-ஐத் தாண்டினால் புழு, ஆஸ்துமா, ஒவ்வாமை என்று பார்க்கலாம். 3,000-ஐத் தாண்டி ராத்திரி இருமலும் இளைப்பும் இருந்தால் யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் கோளாறாக இருக்கலாம், அதற்கென்று மூன்று வார மருந்து உண்டு.

குறைந்தால் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், மொத்தத்தோடு பெருக்குங்கள். 3,200 வெள்ளையணுவில், கிருமியை எதிர்க்கும் வகையான நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால் 960 தான். 1,500-க்குக் கீழே குறைவு. 500-க்குக் கீழே இருந்து காய்ச்சலும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, அந்த மணிக்குள் ஆன்டிபயாடிக் ஊசி தொடங்க வேண்டும்.

இரண்டு மருந்துகளைப் பெயர் சொல்லி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தைராய்டு அதிகமானவர்கள் சாப்பிடும் கார்பிமசோல்: தொண்டைவலியோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே சி.பி.சி. பார்க்க வேண்டும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட்: வாரத்துக்கு ஒரே நாள். கண் சரியாகத் தெரியாத ஆச்சிக்கு அதைத் தினம் கொடுத்துவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி மூன்று வகை அணுவும் விழுந்து உயிருக்குப் போராடும் நிலை வருவதுண்டு. அட்டையின் மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் தனி டப்பாவில் வையுங்கள்.

எப்போது பெரியாஸ்பத்திரி

சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்து குறைந்தால், ஸ்மியரில் ‘பிளாஸ்ட்’ (முதிராத அணு) என்று எழுதியிருந்தால், வெள்ளையணு 50,000-ஐத் தாண்டினால், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டி மண்ணீரலும் பெருத்திருந்தால், பிள்ளை எலும்பு வலிக்கிறது என்று ராத்திரி அழுதால், இனி உள்ளூரில் மருந்து மாற்றிப் பார்க்க நேரமில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எலும்பு மஜ்ஜைச் சோதனை தேவைப்படலாம். இடுப்பு எலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பது, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். முதுகுத்தண்டில் குத்துவார்கள், கால் விளங்காமல் போகும் என்பது வீண் பயம்.

ரத்தப் புற்று என்ற பெயரைக் கேட்டதும் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவந்துவிடும் வீடுகள் இன்னும் உண்டு. குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகை, இரண்டு மூன்று வருஷ மருத்துவத்தை முழுமையாக முடித்தால் பெரும்பாலோருக்குக் குணமாகும் நோய். பெரியவர்களுக்கு வெள்ளையணு லட்சத்தைத் தாண்டிக் காட்டும் நாள்பட்ட மைலாய்டு வகைக்கு இமாட்டினிப் 400 மி.கி. தினம் ஒரு மாத்திரை. 2001-இல் வந்த அந்த மருந்தால் பலர் பழையபடி வயல் வேலைக்கும் கடைக்கும் போய்வருகிறார்கள்.

மஜ்ஜைச் சோதனைக்கு முன் பிள்ளைக்கு மூட்டுவலி, வீக்கம் என்று ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுக்க விடாதீர்கள். சில நாளில் புற்றணு பாதி கரைந்து, சோதனையில் நோய் தெளிவாகத் தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருந்தின் பெயர், அளவு, தேதியைச் சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள். பழைய சி.பி.சி. ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். லேபில் கேட்டால் ஸ்மியர் சில்லையும் தருவார்கள். ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் பதிந்துகொள்ளலாம். பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஒருவர் அந்த வேலையைப் பார்க்கலாம், அட்டைக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தக்கசிவோ மூச்சுத் திணறலோ இருந்தால் பஸ் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.